மடக்குக் கத்தியும் அதன் முத்திரையும்

தபால்தலை, பழைய நாணயம் சேர்ப்பவர்களைப் போல மடக்குக் கத்தி சேர்ப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் இப்பொழுதுபோக்கு நல்ல கொடுக்கல் வாங்கலாகவும் நடக்கிறது. சரக்கில் இடும் அடையாளத்தின் மதிப்பு என்ன என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கேஸ் என்ற நிறுவனம் 1889-இல் தொடங்கியது. இப்போது பென்சில்வேனியா மாநிலம் பிராட்ஃபோர்டு நகரில் உள்ளது. இதன் கத்திகளில், அலகு பிடியோடு சேரும் இடத்தில் சிறு முத்திரை இருக்கும். 1970-இல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகள் இட்டு, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து வந்தார்கள். ஏழு புள்ளி இருந்தால் 1973-ஆம் ஆண்டுச் சரக்கு. மாதிரி எண்ணும் அப்படியே. 6254 என்றால், 6 எலும்புப் பிடி, 2 இரண்டு அலகு, 54 கத்தியின் வடிவம்.

வாங்குவோர் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தீட்டித் தேய்ந்த அலகுக்கு விலை குறைவு, பயன்படுத்தாததற்கே மதிப்பு. இரண்டு, பழைய கத்தியைப் பளபளப்பாக்கக் கூடாது. முத்திரை தேய்ந்தால் மதிப்பும் போயிற்று. லேசாக எண்ணெய் தடவினால் போதும். தோல் உறையில் நெடுநாள் வைத்தால் துருப்பிடிக்கும். மூன்று, போலி முத்திரைகளும் உண்டு. எனவே பிடி, ஆணி, அலகு மூன்றும் ஒரே காலத்தவைதானா என்று பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் சரக்கின் வயதை ஒரு புள்ளி சொல்கிறது. நாம் பொட்டலத்தில் இடும் தேதியும் அவ்வாறே உண்மை பேச வேண்டும். வாடிக்கையாளர் நம்பிக்கைக்கு அதுவே முதல்.