கம்பம் வரை வந்த கம்பி

வடசென்னைக் கணக்குகள் – 11

உலக நாடுகளின் வீட்டு இணையக் கட்டணங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்றாவது வந்துவிடுகின்றன. இந்தியாவுக்கு அவற்றில் எப்போதும் மலிவு வரிசையில்தான் இடம். 2020 செப்டம்பரில் ஜியோ, மாதம் 399 ரூபாய்க்கு 30 மெகாபிட் வேகம் கொடுக்கத் தொடங்கியது. ஏர்டெல்லும் பிஎஸ்என்எல்லும் ஏறக்குறைய அதே விலைக்கு இறங்கி வந்தன. 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 471 ரூபாய். டாலரில் ஆறுக்கும் கீழே. அமெரிக்கக் குடும்பம் ஒன்று இதற்கு 60, 70 டாலர் கொடுக்கிறது. இப்படிப் பார்த்தால் நாம் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் 2024-இல் நாட்டில் இருந்த சுமார் 94 கோடி பிராட்பேண்ட் இணைப்புகளில் வீட்டுக்குக் கம்பிவழி வந்தவை நான்கு கோடிக்குச் சற்று மேல்தான். மற்றதெல்லாம் கைபேசி. உலகத்திலேயே மலிவான சரக்கு என்றால் அதை வாங்க ஏன் ஆளில்லை? துறைமுகக் கூலியையும் மீன்பாட்டையும் ஒப்பந்தத் தொழிலையும் நம்பி ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கரையோரத்தில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். பட்டியல்கள் அளப்பது மாதக் கட்டணத்தை. வீட்டு இணையத்தின் உண்மையான விலையோ, தெருக் கம்பத்திலிருந்து வாசற்படி வரையுள்ள கடைசிச் சில மீட்டர்களில் இருக்கிறது. எந்த நாட்டில் அந்தச் சில மீட்டர்களைக் கடக்க ஒருவருக்கு மேல் முடிந்ததோ, அங்கேதான் விலை இறங்கியது, வேகம் ஏறியது.

முதலில் அந்த மலிவைச் சற்று உரசிப் பார்ப்போம். அடிப்படை இணையச் செலவு, தலா வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஐநாவின் பிராட்பேண்ட் ஆணையம் 2018-இல் வைத்த இலக்கு. இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 2,500 டாலர். மாதத்துக்கு 17,500 ரூபாய் என்று வைத்தால் 2 சதவீதம் 350 ரூபாய். நாம் கொடுப்பது 471. அதாவது 2.7 சதவீதம். அமெரிக்கருக்கு 70 டாலர் என்பது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. ருமேனியாவில் ஒரு கிகாபிட் வேகம் எட்டு, பத்து யூரோவுக்குக் கிடைக்கிறது. அங்குள்ள வருமானத்தில் அது முக்கால் சதவீதம்கூட இல்லை. தமிழ்நாட்டின் தலா வருமானம் ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தொட்டுவிட்டதே, அந்தக் கணக்கில் நாம் இலக்குக்குள் வந்துவிடுகிறோமே என்று கேட்கலாம். வந்துவிடுகிறோம், உண்மைதான். ஆனால் ஓசூர் ஆலை முதலாளியையும் எண்ணூர் உப்பங்கழியில் இறால் தடவும் பெண்ணையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. வேகப் பட்டியலிலும் இதே சங்கதிதான். இணைய வேகத்தைச் சோதிக்கும் ஊக்லாவின் 2024 அளவீட்டில் சிங்கப்பூரின் இடைநிலை வேகம் 300 மெகாபிட்டை ஒட்டி நிற்க, நமக்கு 60 சொச்சம். அதுவும் இணைப்பு வைத்திருப்பவர்கள், அவர்களிலும் சோதித்துப் பார்ப்பவர்கள் தரும் எண். கம்பியே வராத வீட்டின் வேகம் எந்தப் பட்டியலிலும் பூஜ்ஜியம் என்று பதிவாவதில்லை.

இனி ஒரு குடும்பத்தின் கணக்குக்கு வருவோம். நான்கு பேர், நான்கு போன். 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது, தினம் ஒன்றரை ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் பேக் 239-இலிருந்து 299 ரூபாயானது. நான்கு பேருக்கு 1,196 ரூபாய். கிடைப்பது மொத்தம் 168 ஜிபி. 471 ரூபாய் வீட்டு இணைப்பிலோ 3,300 ஜிபி வரை வேகம் குறையாது. 'வெளியே போனால் போனுக்கு ரீசார்ஜ் வேண்டாமா, கம்பி கூடவே வருமா?' என்பது நியாயமான கேள்வி. சரி, பேசுவதற்கும் அவசரத்துக்கும் மட்டும் என்று அதே உயர்வில் வந்த 189 ரூபாய் பேக்கை நான்கு பேருக்கும் போடுவோம்: 756. வீட்டு இணைப்பையும் கூட்டினால் 1,227. முன்னதைவிட 31 ரூபாய்தான் அதிகம். கிடைப்பதோ இருபது மடங்கு. இப்படியொரு கணக்கு கண்ணெதிரே இருக்கும்போதும் குடும்பங்கள் கைபேசிப் பேக்கிலேயே நின்றுவிடுகின்றன என்றால், அவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சொல்லத் துணிய மாட்டேன். தண்டல்காரரிடம் வாங்கிய கடனுக்கு நூறு நாள் தவணையை விரல்விட்டு எண்ணுகிறவர்கள் அவர்கள்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ரீசார்ஜ், கையில் காசு வந்த அன்றைக்குச் செய்வது. போட்டுக்குப் போகாத வாரம், லோடு இல்லாத வாரம் என்றால் நான்கு போனில் ஒன்றுக்கு மட்டும் போட்டு, மற்ற மூன்றும் ஹாட்ஸ்பாட்டில் ஒண்டிக்கொள்ளும். வீட்டு இணைப்போ மாதம் பிறந்தால் பணம் கேட்கும். இணைப்புக் கட்டணம் வேண்டாம் என்று விளம்பரத்தில் இருக்கும்; அதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்பணமாகக் கட்டியாக வேண்டும் என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அப்புறம் முகவரிச் சான்று. வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட வீட்டுக்காரரின் சம்மதம். இவ்வளவும் கைகூடினாலும், 'உங்க ஏரியா ஃபீசிபிள் இல்லைங்க' என்று கால்சென்டர் சொல்லிவிட்டால் முடிந்தது கதை. ஃபைபர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையோடு போகிறது. அங்கிருந்து பிரியும் சந்துக்குள் கம்பம் கம்பமாக இழுத்து, பெட்டி மாட்டி, மாதத்துக்கு ஒருமுறை அறுந்தால் ஓடிவந்து ஜாயின்ட் போட ஓர் ஆள் வேண்டும். அறுவது இங்கே சாதாரணம். ஒன்பதரை அடி உயரக் கன்டெய்னரை டிரெய்லரில் ஏற்றினால் தரையிலிருந்து நான்கு மீட்டரைத் தாண்டிவிடும். சற்றே தொய்ந்து தொங்கும் ஒயரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். கண்ணாடி இழைக்கு உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. அதைத் தாங்கும் இரும்புக் கம்பியையும் கிளாம்பையும் இரண்டு மழைக்காலத்தில் அரித்துவிடும். தினம் ஒன்றரை ஜிபி விற்பவருக்கு இந்தச் செலவு எதுவும் கிடையாது. ஒரு டவர் போதும்.

இந்த வட்டாரத்துக்கு இணையம் தொலைவிலிருந்து வர வேண்டியிருப்பதால் விலை கூடுகிறது என்று யாரும் சொல்ல முடியாது. மும்பைக்கு அடுத்து, கடலடிக் கேபிள்கள் அதிகம் கரையேறும் இந்திய நகரம் சென்னைதான். 2002-இல் சிங்கப்பூரிலிருந்து 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏர்டெல்லும் சிங்டெல்லும் இழுத்த ஐ2ஐ, 2004-இல் டாடாவின் கேபிள், அடுத்து சீமீவீ-4 என்று வரிசையாக வந்தன. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட 2,300 கிலோமீட்டர் கேபிள் அந்தமானுக்கே இணையத்தை இங்கிருந்துதான் கொண்டுபோகிறது. வங்கக் கடலை முழுசாகக் கடந்து வந்துவிட்ட ஒளி, காசிமேட்டுக் குறுக்குத்தெருவைக் கடக்கத் திணறுகிறது. மாதம் கொடுக்கும் 471 ரூபாயில் கடலுக்குச் செல்லும் பங்கு சொற்பம். பெரும்பங்கு தெருவுக்கு.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. ஜப்பானில் தொலைபேசி நிறுவனமான என்டிடி தன் செப்புக் கம்பியை மற்றவர்களுக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்று விதி வந்ததும், 2001 செப்டம்பரில் சாஃப்ட்பேங்கின் யாஹூ பிபி 8 மெகாபிட் வேகத்தை அப்போதிருந்த விலையில் ஏறக்குறையப் பாதிக்கு இறக்கியது. ரயில் நிலைய வாசல்களில் மோடத்தைப் பையில் போட்டு இலவசமாகவே கொடுத்தார்கள். தென்கொரியா 1999-இல் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இணைய வசதிக்கென்று தரச்சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. சான்றிதழ் இல்லாத கட்டடத்தில் வீடு விற்பது சிரமம் என்றானதும் கட்டுநர்களே கேபிளுக்கு வழி வைத்தார்கள். சிங்கப்பூரில் தரைக்குள் இருக்கும் ஃபைபர் ஒரு நிறுவனத்திடம், அதன்மேல் சேவை விற்பவர்கள் பலர். அமெரிக்காவில் ஊர்கள் சிதறிக் கிடப்பதால்தான் விலை கூடுதல் என்பார்கள். கிராமங்களுக்கு அது பொருந்தும்; வீட்டுக்கு வீடு ஒட்டிக் கிடக்கும் பெருநகரங்களில்கூடப் பல தெருக்களுக்கு ஒரு கேபிள் நிறுவனம், மிஞ்சினால் கூட ஒரு தொலைபேசி நிறுவனம் என்றுதான் நிலைமை. விலை உயர அதுவே போதும்.

இவற்றுள் வடசென்னை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஊர் சிங்கப்பூர் அல்ல, புகாரெஸ்ட். தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலும் ருமேனியாவில் பெரிய நிறுவனங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. பழைய கம்யூனிசக் காலத்து அடுக்குமாடிகளில் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து பிளாக்குக்குப் பிளாக் ஒயரைக் கட்டி, ஓர் இணைப்பை வாங்கிப் பகிர்ந்தார்கள். நூற்றுக்கணக்கில் முளைத்த இந்தப் பேட்டை வலைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. பின்னால் அவற்றில் பலவற்றைப் பெரிய நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. ஆனால் குறைந்த விலையும் கூடிய வேகமும் அதற்குள் மக்களுக்குப் பழகிப் போயிருந்தன. தெரு அழகு கெட்டது, வானத்தை ஒயர் மறைத்தது என்ற புகார்களும் நியாயமானவையே. தண்டையார்பேட்டையில் நிமிர்ந்து பார்க்கிறவருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நம்மிடமும் அதே ஒயர் உண்டு, அதே ஆளும் உண்டு: கேபிள்காரர்.

கேபிள்காரரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் சொல்வது நம் ஊரில் சற்று ஆபத்தான காரியம். ஏரியா பிரித்துக்கொள்வது, அரசியல் பின்பலம், அடுத்தவன் ஒயரை அறுப்பது என்று குற்றப்பட்டியல் நீளம், பொய்யும் இல்லை. ஒரே ஆள் ஆண்ட தெருவில் அவர் வைத்ததுதான் விலை. அதனால் கேட்க வேண்டியது, ஒரு தெருவுக்கு ஒரே கேபிள்காரர் என்ற நிலை ஏன் என்பதைத்தான். அரசு தலையிட்டால் விலை இறங்கும் என்பதற்கு 2011 செப்டம்பரில் 70 ரூபாய்க்கு வந்த தமிழ்நாடு அரசு கேபிள் டிவி சாட்சி. வீட்டுக்குள் ஒயர் கொண்டுபோனவர் அப்போதும் அதே உள்ளூர் ஆபரேட்டர்தான். மாறியது அவருக்குச் சிக்னல் கொடுக்கும் கை. ஆந்திரம் மின்கம்பங்களில் ஃபைபரைத் தொங்கவிட்டு, டிவி, இணையம், தொலைபேசி மூன்றையும் 149 ரூபாய்க்கு ஆபரேட்டர்கள் வழியே கொடுக்கத் தொடங்கியது. அந்தத் திட்டம் முறைகேட்டுப் புகாரில் சிக்கி வழக்கானது வேறு கதை. விலை சாத்தியம் என்று அது காட்டியதை வழக்கு அழித்துவிடவில்லை. கேரள அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன் 2023 ஜூனில் 299 ரூபாய்க்கு 20 மெகாபிட் என்று வந்தது. அங்கேயும் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

கம்பியே வேண்டாம், 5ஜி வந்துவிட்டது, ஏர்ஃபைபர் மாடியில் ஒரு பெட்டியோடு வேலையை முடித்துவிடும் என்பது இப்போதைய வாதம். ஏர்ஃபைபர் 2023-இல் வந்தபோது ஆரம்ப விலை 599 ரூபாய், அதே 30 மெகாபிட்டுக்கு. கம்பியைவிட இருநூறு கூடுதல். ஒரு டவரின் அலைவரிசையை அதன் கீழுள்ள எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர், ஒரு வளாகத்தில் முந்நூறு வீடு என்று நெருங்கிய இடத்தில் மாலை ஏழு மணிக்கு அந்தப் பங்கு எவ்வளவு என்று ஊகிக்கலாம். கம்பிக்கு அந்த நெருக்கமே ஆதாயம்: ஒரு ஃபைபர் உள்ளே வந்துவிட்டால் முந்நூறு வீட்டுக்கும் பிரித்துவிடலாம்.

ஆனால் அரசின் திட்டங்கள் இந்த நெருக்கத்தைக் கண்டுகொள்வதில்லை. ஃபைபர் கொண்டுபோகும் ஒன்றிய அரசின் பாரத்நெட் திட்டம் ஊராட்சிகளுக்கானது, தமிழ்நாட்டில் அதன்கீழ் 12,525 ஊராட்சிகள் வருகின்றன. வீட்டு இணைப்புக்கு மாதம் 200 ரூபாய் வரை மானியம் கொடுத்துப் பார்க்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2021-இல் பரிந்துரைத்ததும் கிராமப்புறத்துக்குத்தான். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன. எண்ணூரின் மீனவக் குப்பம் ஏட்டில் பெருநகரம். நகரத்தைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். சந்தை நெடுஞ்சாலையோடு நின்றுகொண்டது.

வாய்ப்பு ஒன்று இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டுவதும் ஒரு பகுதி. புதுக் கட்டடத்தில் தண்ணீருக்குக் குழாய் உண்டு, மின்சாரத்துக்கு வழி உண்டு. மாடிக்கு மாடி ஃபைபர் போக ஒரு குழாயும், தரைத்தளத்தில் யார் வேண்டுமானாலும் வந்து இணைக்கும்படி பூட்டிய ஒரு சிற்றறையும் வைத்தால், ஒரு வளாகத்துக்கு மூன்று ஆபரேட்டர்கள் போட்டி போட முடியும். மாதக் கட்டணத்தை வாரக் கட்டணமாகப் பிரித்து வாங்க அவர்களில் ஒருவராவது முன்வருவார். தண்டல் வாங்கிப் பழகிய வட்டாரத்தில் அதற்கு ஆள் கிடைக்கும். கட்டும்போதே செருகும் குழாய்க்கு ஆகும் செலவு, பின்னால் சுவரைத் துளைக்கும் செலவில் சிறு பங்கு. இதற்கு டெலிகாம் துறையின் அனுமதியும் வேண்டாம், ஜியோ, ஏர்டெல்லின் தயவும் வேண்டாம். வாரியத்தின் பொறியியல் பிரிவு டெண்டரில் சேர்க்க வேண்டிய ஒரு வரி அது.