பழைய அளவிலே நிற்கிற தோல்

துர்க்கை அம்மன் கோயில் தேருக்கென்று ரொறன்ரோவிலிருந்து தெல்லிப்பழைக்கு வந்திருந்தாள் மச்சாள். வாசலில் வந்து இறங்கியவளை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. 108 கிலோ இருந்தவள் மூன்று வருடத்தில் 40 கிலோவைக் குறைத்திருந்தாள். வீடே அவளைச் சுற்றி நின்று பார்த்தது. தேருக்கு உடுக்கவிருந்த சேலைக்குச் சட்டை போட்டுப் பார்த்தபோதுதான் முகம் வாடியது. கையை உயர்த்தி, கமக்கட்டுக்குக் கீழே தொங்கிய தோலைப் பிடித்துக் காட்டினாள்.

"இதைப் பார் மச்சாள். ஆள் மெலிஞ்சிட்டன். தோல் மட்டும் பழைய ஆளின்ரை அளவிலை நிக்குது."

அவளுடைய பெட்டிக்குள் மூன்று வகைக் கிறீம்கள் இருந்தன. தொடையில் விழும் குழிகளையும் தொங்கும் தோலையும் சேர்த்தே போக்கும் என்று மூன்றின் மூடியிலும் எழுதியிருந்தது. மாமி தன் பங்குக்கு, "நல்லெண்ணெய் தேய்ச்சு முழுகு பிள்ளை, இறுகிப்போம்" என்றார். குழி வேறு, தொங்கல் வேறு. இரண்டையும் ஒரே போத்தலுக்குள் அடைத்து விற்பதில்தான் பாதி ஏமாற்று இருக்கிறது.

தொங்கலை முதலில் பார்ப்போம். தோலின் நடுப்படையில் இரண்டு வகை இழைகள் பின்னிக் கிடக்கின்றன. கொலாஜன் பனைநார் மாதிரி: பாரம் தாங்கும், இலேசில் அறாது. எலாஸ்ரின் பாவாடை றப்பர் மாதிரி: இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். நடுப்படையின் உலர்நிறையில் பெரும்பங்கு கொலாஜன்தான். எலாஸ்ரின் சில வீதம் மட்டுமே. ஆனால் தோல் மீள்வது அந்தச் சில வீதத்தாலேதான். கொலாஜனை உடல் மெல்ல மெல்லப் புதுப்பித்துக்கொள்ளும். எலாஸ்ரினின் பெரும்பகுதி தாயின் வயிற்றிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாகி முடிகிறது. அதன்பின் ஆயுள் முழுவதற்கும் அதுதான் கையிருப்பு. வெயிலாலும் புகையாலும் நீண்ட கால இழுவையாலும் அது சிதைந்தால், அதேபோல நெய்து தர வளர்ந்த உடலுக்குத் தெரியாது.

இன்னொன்றும் நடக்கிறது. கொழுக்கும்போது தோல் இழுபடுவதோடு நிற்பதில்லை, உண்மையாகவே வளர்கிறது. பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இந்தக் குணத்தைப் பயன்படுத்துகிறார்கள். தீக்காயத் தழும்பை மாற்றப் புதுத்தோல் தேவைப்பட்டால், பக்கத்து நல்ல தோலுக்கடியில் ஒரு பலூனை வைத்து, கிழமைக்கணக்கில் அதற்குள் உப்புநீரை ஏற்றுவார்கள். மேலே மேலதிகத் தோல் வளர்ந்துவிடும். 1957 இல் ஒருவரின் காதைச் சீரமைக்க முதலில் செய்து பார்த்த வித்தை இது. மச்சாளின் உடலில் இருபது வருடமாகக் கொழுப்பே அந்தப் பலூனாக இருந்தது. இப்போது காற்றுப் போய்விட்டது. வளர்ந்த தோலை உதிர்க்க உடலிடம் வழியில்லை.

ஒருவருக்கு இறுகுவதும் இன்னொருவருக்குத் தொங்குவதும் ஏன்? எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை வருடம் அந்த எடையோடு இருந்தார், வயது என்ன, புகைத்தாரா, பரம்பரை எப்படி என்பவைதான் கணக்கு. பிள்ளைப்பேற்று வயிறு பத்து மாத இழுவைதான். அதனால் பெருமளவு மீள்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டிவிடும் எங்களுடைய வழக்கம் நாரிக்கும் தளர்ந்த தசைக்கும் பிடிமானம் தரும். தோலின் பரப்பை அது குறைக்காது.

இனிக் குழி. அதற்கான செல்லுலைட் என்ற பெயர் 1920களில் பிரான்ஸில் புழக்கத்துக்கு வந்தது. 1968 இல் அமெரிக்க 'வோக்' சஞ்சிகை அதை ஆங்கில உலகுக்கு அறிமுகம் செய்தது. அதுவரை பெண்ணுடலின் இயல்பாக இருந்தது, அதன்பிறகு விலை கொடுத்துப் போக்க வேண்டிய குறையாகிவிட்டது. பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 வீதமானோருக்கு இது ஓரளவுக்கேனும் உண்டு. மெலிந்தவர்களுக்கும் உண்டு.

இலவம்பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் குத்திய இடம் உள்ளே போகும், நடுவில் பஞ்சு பொம்மிக்கொண்டு நிற்கும். மருத்துவர்களும் இதை 'மெத்தைத் தோற்றம்' என்றே சொல்கிறார்கள். தோலைக் கீழுள்ள படையோடு பிணைக்கும் நார்ப்பட்டிகள்தான் அந்த நூல், கொழுப்பே பஞ்சு. பெண்களில் இந்தப் பட்டிகள் பெரும்பாலும் நேர்குத்தாக நிற்பதால் இடையில் கொழுப்பு மேலே தள்ளும். ஆண்களில் அவை குறுக்கும் மறுக்குமாக ஓடி அதை அடக்கிவிடுகின்றன. 1978 இல் இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் விளக்கிய விடயம் இது. எடை குறைந்தால் பஞ்சு குறைவதால் பலருக்குக் குழி மங்கும். மேலுறையே தளர்ந்துபோனவர்களுக்கு அது முன்னையிலும் கூடுதலாகத் தெரியலாம்.

கிறீம் இதில் என்ன செய்யும்? கஃபீன் கலந்தவை சில மணிநேரத்துக்குத் தோலைச் சற்று இறுக்கிக் காட்டும். ரெற்றினோல் மாதக்கணக்கில் பூசினால் மேற்தோல் கொஞ்சம் தடிக்கும். நூலையோ பஞ்சையோ இரண்டும் எட்டுவதில்லை. எண்ணெய் உருவல் உடம்புக்குச் சுகம், தோலுக்கு மினுக்கம், அவ்வளவுதான். நார்ப்பட்டியைத் தோலுக்கடியில் வெட்டிவிடும் சிறு சிகிச்சை சிலருக்குப் பயன் தருகிறது. பட்டியின் கொலாஜனைக் கரைக்கும் ஓர் ஊசிமருந்துக்கு அமெரிக்கா 2020 ஜூலையில் அனுமதி கொடுத்தது. கண்டலும் நெடுநாள் மாறாத தோல்நிற மாற்றமும் சிக்கலாகவே, 2022 டிசம்பரில் தயாரித்த நிறுவனமே அதை நிறுத்துவதாக அறிவித்தது. எங்களைப் போன்ற மாநிறத் தோலில் காயத்தின் கறுப்பு இலேசில் போகாது. புதிதாக எது வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

தொங்கலுக்குக் கத்தியில்லாமல் நம்பக்கூடியது தசை. வேகமாக மெலியும்போது குறையும் எடையில் ஏறத்தாழக் கால்வாசி கொழுப்பல்லாத திசுவாக இருக்கலாம். கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசியால் மெலிகிறவர்களுக்கும் இது பொருந்தும். தோல் தொங்குவதாகத் தெரிவதில் ஒரு பங்கு, உள்ளே தசை வற்றிய வெறுமை. கிழமையில் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கும் பயிற்சி அந்த வெறுமையை நிரப்பும். ஜிம் இல்லாவிட்டால் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ, அதில் தொடங்கலாம். சாப்பாட்டில் புரதம் வேண்டும். புட்டும் சம்பலும் மட்டும் போதாது. மீனோ முட்டையோ பயறோ கடலையோ ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் இருக்கட்டும். இதனால் அந்தத் தோல் மறைந்துவிடாது, நிரம்பித் தெரியும்.

உண்மையில் அதை அகற்றுவது சத்திரசிகிச்சை ஒன்றுதான். வயிற்றிலோ மேற்கையிலோ மிஞ்சிய தோலை வெட்டி எடுத்துத் தைப்பார்கள். எடை பல மாதங்கள் ஒரே அளவில் நிற்க வேண்டும். இரைப்பைச் சத்திரசிகிச்சையால் மெலிந்தவர்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை வருடம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, புரதம், நீரிழிவு எல்லாவற்றையும் முதலில் சீராக்க வேண்டும். புகைத்தலை நிறுத்த வேண்டும். அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்றதுவரை தழும்பு நிற்கும். தழும்பு தடித்துக் கட்டியாகும் போக்கு எங்கள் தோலுக்குக் கூடுதல்.

ஊருக்குப் பக்கத்திலேயே பலாலி. 2019 அக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமாயிற்று. இடையில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. சென்னைக்குப் போய் வெட்டிக்கொண்டு வரலாமோ என்று மச்சாளும் கேட்டாள். போகலாம். ஆனால் பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு, காயத்துக்கடியில் நீர் கட்டலாம், தையல் விடலாம். எத்தனை நாளில் பறக்கலாம், ஊருக்கு வந்தபின் காயத்தை யார் பார்ப்பது என்பதை ரிக்கெற் எடுக்கமுதல் முடிவுசெய்ய வேண்டும்.

காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. எங்கள் வெக்கையில் மடிப்புக்குள் வியர்வை தங்கிச் சிவந்து, கடித்து, மணம் வந்தால் அது பங்கசுத் தொற்றாக இருக்கலாம். குளித்தபின் மடிப்பைத் துடைத்து உலர்த்துங்கள், பருத்தி உடுங்கள். மாறாவிட்டால் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். அது அழகுப் பிரச்சினை இல்லை, வருத்தம், வைத்தியம் இலவசம்.

இரவு விறாந்தையில் இருந்து இதையெல்லாம் சொன்னேன். எலாஸ்ரின் கதையில்தான் அவள் நின்றாள்.

"அப்ப, இந்த றப்பர் எல்லாம் நான் இஞ்சை இருக்கேக்கை நெய்ததோ?"

கணக்குப் பார்த்தோம். 1990 இல் எங்கள் வலிகாமம் வடக்கு மக்கள் போரால் இடம்பெயர்ந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எலாஸ்ரினில் பெரும்பங்கு அதற்குள் இந்த மண்ணிலேயே நெய்து முடிந்திருக்கும். அகதி முகாமும் ரொறன்ரோவின் இரட்டை வேலையும் 108 கிலோவும் அதே இழையில்தான் தொங்கியிருக்கின்றன.

மறுநாள் தேருக்கு அரைக்கைச் சட்டையே போட்டாள். வடம் பிடிக்கக் கை உயர்ந்தபோது தோல் ஆடியது. அதற்குள்ளே தசை இறுகியதையும் நான் பார்த்தேன்.