ஊட்டிக் காற்றுக்குத் தாகம் வரவைப்பது எப்படி?

ஜூலையில் ஊட்டியில் புதினா காயவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முறத்தில் பரப்பி ஜன்னலோரம் வைத்த இலை சில நாளில் கருத்து, நைந்து, ஊறிய வைக்கோல் வாடை அடிக்கும். பழியைக் குளிர்மேல் போடுவோம். பாவம், குளிர் அவ்வளவு குற்றம் செய்யவில்லை.

கணக்கு இதுதான். 15 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 13 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மூடுபனி வாசல்வரை வரும் நாட்களில் அந்த இடம் அநேகமாக நிரம்பியிருக்கிறது. இலையின் ஈரம் எங்கே போகும்? 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. ஆகவே எல்லாம் சீக்கிரம் காய வேண்டுமே என்று சமவெளிக்காரர்கள் கேட்கலாம். அந்தச் சலுகையெல்லாம் பருவமழையில் செல்லாது என்பதற்கு இங்குள்ள துணிக்கொடிகளே சாட்சி.

புதினா இலையில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். அது வெளியேறத் தாமதமாகும்போது செல்கள் நைந்து, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி ஆக்சிஜனின் துணையோடு இலையைக் கருக்குகிறது. குன்னூர் ஃபேக்டரிகளில் பச்சை இலையைக் கறுப்புத் தேயிலை ஆக்குவதும் இதே நொதிதான். அங்கே கூப்பிட்டு வருகிறது, நம் வீட்டுக்குக் கூப்பிடாமல் வருகிறது.

தீர்வும் அதே ஃபேக்டரியில் இருக்கிறது. பசுந்தேயிலை வந்ததும் நேரே அரைப்பதில்லை. கம்பிவலை அடித்தளம் கொண்ட நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய மின்விசிறியால் காற்றடித்துப் பல மணி நேரம் வாட்டுவார்கள். மழைக்காலத்தில் அடுப்பில் சூடேற்றிய காற்றையும் கலந்து விடுவார்கள். 15 டிகிரி ஈரக்காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கொள்ளளவு 30 கிராமாகிவிடும். ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு அருகில் இறங்கும். ஒரு சொட்டு நீரைக்கூட அகற்றாமலேயே காற்றுக்குத் தாகம் எடுத்துவிடுகிறது.

வீட்டில் செய்வதும் அதுவே. அலசி உதறிய இலைகளைக் காம்பு கிள்ளி, சல்லடையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, அடியிலும் காற்று புகும்படி உயர்த்தி வையுங்கள். அறையில் ஹீட்டர் ஒரு பக்கம் தள்ளியிருக்க, டேபிள் ஃபேன் மெல்லச் சுழலட்டும். 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பூதக்கண்ணாடியில் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: பளபளக்கும் குட்டிக் குமிழ்கள் தெரியும். புதினாவுக்கு மணம் தரும் கார்வோன் எண்ணெய் அவற்றில்தான் இருக்கிறது, மெல்லிய தோல் ஒன்றே மூடி. சூடு மிஞ்சினாலும், கசக்கினாலும் மணம் பறந்துவிடும். அதனால் இலையை முழுசாகவே சேமித்து, வேண்டும்போது நொறுக்குவதே நல்லது. மலை வெயிலில் புற ஊதாக்கதிர் கடுமை. நிழலில் காய்ந்தால்தான் பச்சை நிற்கும். (கொத்தமல்லியை இப்படிக் காயவைத்து ஏமாறாதீர்கள். அதன் வாசம் தண்ணீரோடு சேர்ந்தே கிளம்பிவிடும்.)

குளிர் குற்றவாளி இல்லை என்பதற்கு ஃபிரிட்ஜே அத்தாட்சி. உறைபனி கட்டாத வகை ஃபிரிட்ஜில், உள்ளிருக்கும் ஈரத்தைக் குளிர்ந்த குழாய்கள் தொடர்ந்து பிடித்து வெளியேற்றுகின்றன. தாளில் பரப்பி மூடாமல் வைத்த புதினா சில நாளில் பச்சை மாறாமல் உலர்ந்துவிடும். பக்கத்தில் நேற்றைய சாம்பார் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஜனவரியில் இந்த ஏற்பாடு எதுவும் தேவைப்படாது. வானம் தெளிந்து, காற்று வறண்டிருப்பதால்தான் தலைகுந்தா புல்வெளிகளில் இரவு வெப்பமெல்லாம் விண்ணுக்குப் போய் உறைபனி விழுகிறது. அதே வறண்ட காற்று பகலில், நிழலில், புதினாவை அழகாக உலர்த்தும். பொழுது சாயும் முன் முறத்தை உள்ளே எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இலை துவளாமல் ‘படக்’கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. ஒரு கிலோ இலை, பத்து சதவீத ஈரத்துக்கு இறங்கும்போது சுமார் 165 கிராம் மிஞ்சும். கண்ணாடி பாட்டிலில் அடைத்து மறுநாள் பாருங்கள். உட்புறம் ஆவி படிந்திருந்தால் மீண்டும் சல்லடைக்கே போக வேண்டும். மழைக்காலத்தில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ போடப் போகாதீர்கள். காய்ந்த இலை காற்றின் ஈரத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்.