ஒரு ரூபாய் டிக்கெட் தோற்றது, இண்டிகோ ஜெயித்தது... பட்ஜெட் விமானங்களின் நிஜக் கணக்கு என்ன?

‘சூரரைப் போற்று’ படத்துக்கு அடிப்படையான கேப்டன் கோபிநாத்தை நினைவிருக்கிறதா? 2003-ல் அவர் தொடங்கிய ஏர் டெக்கான், ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றது. படம் வெற்றியோடு முடிந்துவிடும். நிஜம் அப்படி இல்லை. நஷ்டம் தாங்காமல், 2007-ல் நிறுவனம் விஜய் மல்லையாவின் குழுமத்துக்குக் கைமாறியது.

ஆனால் 2006-ல் வந்த இண்டிகோ, இன்று உள்நாட்டு விமானப் பயணிகளில் 100-ல் 60 பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறது. இரண்டுமே பட்ஜெட் விமானங்கள்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

விலை வேறு, செலவு வேறு

புதிதாக வருபவர் டிக்கெட் விலையைக் குறைத்தால், பெரிய நிறுவனமும் மறுநாளே குறைத்துவிடலாம். நஷ்டத்தைக் கொஞ்ச காலம் தாங்க அதனிடம் பணமும் இருக்கும். ஆனால் செலவை அப்படி ஒரே நாளில் குறைக்க முடியாது. எனவே உண்மையான ஆயுதம் மலிவு விலை அல்ல, ஒரு சீட்டைப் பறக்க வைக்க ஆகும் செலவு.

10 நிமிடத்தில் மறுபடி டேக்-ஆஃப்

இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்தது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட். 1971-ல் டெக்சாஸில் பறக்கத் தொடங்கிய நிறுவனம் இது. அடுத்த ஆண்டே பணமுடை. இருந்த 4 போயிங் 737 விமானங்களில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. ஆனாலும் சேவையைக் குறைக்கவில்லை. தரையிறங்கிய விமானம் 10 நிமிடத்தில் மறுபடி கிளம்பினால் 3 விமானங்களே போதும் என்று கணக்குப் போட்டது. அதைச் செய்தும் காட்டியது.

லாஜிக் சிம்பிள்தான். தரையில் நிற்கும் விமானம் ஒரு பைசா சம்பாதிக்காது. அதற்கான கடனும் வாடகையும் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

இண்டிகோ என்ன செய்தது?

● மொத்தக் கொள்முதல்: ஒரு விமானம்கூடப் பறப்பதற்கு முன்பே, 2005-ல் 100 ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடியும் பெரிது.

● விற்று, வாடகைக்கு எடுப்பது: விமானம் கைக்கு வந்ததும் லீசிங் நிறுவனத்துக்கு விற்று, அதையே சில ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டது. கையில் பணம் தங்கியது. விமானங்கள் பழசாவதற்குள் திருப்பிக் கொடுத்ததால் பராமரிப்புச் செலவும் குறைந்தது.

● ஒரே ரகம்: 2017-ல் ஏடிஆர் விமானங்கள் வரும்வரை ஏ320 ரகம் மட்டுமே. எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம். உதிரி பாகமும் ஒன்றே.

● சாப்பாட்டுக்குத் தனிக் காசு: இலவச உணவு கிடையாது. வேண்டுபவர் வாங்கிக்கொள்ளலாம்.

ஜாம்பவான்கள் திருப்பி அடிக்கவில்லையா?

அடித்தார்கள். ஏர் டெக்கானை கிங்ஃபிஷர் ரெட் என்று பெயர் மாற்றினார் மல்லையா. ஜெட் ஏர்வேஸ், ஏர் சஹாராவை வாங்கி ஜெட்லைட் ஆக்கியது. பெயர்ப்பலகை மாறியதே தவிர, உள்ளே பல ரக விமானங்களும் பெரிய நிறுவனச் செலவுகளும் அப்படியே இருந்தன. அதோடு இன்னொரு சிக்கல்: முழு விலை கொடுத்துப் பறந்த சொந்த வாடிக்கையாளரே மலிவு டிக்கெட்டுக்கு மாறிவிடலாம். 2011-ல் மலிவு சேவையைக் கைவிடுவதாக கிங்ஃபிஷர் அறிவித்தது. 2012-ல் மொத்தமாகவே நின்றது. ஜெட் 2019-ல் தரையிறங்கியது. இரண்டையும் வீழ்த்தியதில் கடன் சுமைக்கும் பெரிய பங்கு உண்டு.

இப்போது யார் பெரியண்ணன்?

ஒருகாலத்துப் புதுமுகமான இண்டிகோதான். 2024-ல் பிசினஸ் கிளாஸ்கூட வந்துவிட்டது. ஆனால் செலவைச் சுருக்கும் கலைக்கு ஒரு விலை உண்டு என்பதை 2025 டிசம்பர் காட்டியது. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய விதிகளுக்கு ஏற்ற ஆள்பலம் இல்லாமல், ஆயிரக்கணக்கான விமானங்களை இண்டிகோ ரத்து செய்தது. மற்ற நிறுவனங்களில் டிக்கெட் விலை எகிற, அரசு தற்காலிக உச்சவரம்பு விதிக்க வேண்டியிருந்தது.

செலவைக் குறைப்பது நிறுவனத்தின் சாமர்த்தியம். அந்தக் குறைவு உங்கள் டிக்கெட்டில் தெரிய வேண்டுமானால், அதே ரூட்டில் இன்னொரு விமானமும் பறந்தாக வேண்டும்.