காபோ புல்மோ
காபோ புல்மோ என்பது மெக்சிக்கோ நாட்டின் தெற்கு பாகா கலிபோர்னியா மாநிலத்தில், கலிபோர்னியா வளைகுடாக் கரையில் உள்ள ஒரு சிற்றூரும் அதனை ஒட்டிய கடல்சார் தேசியப் பூங்காவும் ஆகும். இயற்கைக்குக் கேடு செய்யாதிருத்தலோடு நில்லாமல், சிதைந்த இயற்கை மீண்டெழவும் உதவும் சுற்றுலா மீளுருவாக்கச் சுற்றுலா எனப்படுகிறது. அதனை ஊர் மக்களே முன்னின்று நடத்தியமைக்குக் காபோ புல்மோ சிறந்த எடுத்துக்காட்டு எனலாம்.

வரலாறு

இவ்வூரார் முத்துக்குளித்தலையும் பின்னர் மீன்பிடித்தலையும் தொழிலாகக் கொண்டிருந்தனர். 1980களில் மீன்வளம் பெரிதும் குன்றியது. அக்காலத்தில் இங்குள்ள பவளப்பாறைகளை ஆராய்ந்த பல்கலைக்கழகத்தினர் அவற்றின் அருமையை மக்களுக்கு எடுத்துரைத்தனர். மக்களின் வேண்டுகோளையும் ஏற்று, 1995 சூன் 6 அன்று 7,111 எக்டேர் பரப்பைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அரசு அறிவித்தது. அரசாணை ஒரு பகுதியில் மட்டுமே மீன்பிடியை முற்றாகத் தடுத்தது. மக்களோ பூங்கா முழுவதிலும் மீன்பிடிப்பதைக் கைவிட்டனர். மீன்பிடிப் படகுகள் முக்குளிக்க வரும் பயணிகளை ஏற்றிச் செல்லலாயின. மீனவர்கள் வழிகாட்டிகளாயினர், பிறர் வந்து மீன் பிடிக்காதவாறு காவலும் புரிந்தனர்.

மீன்வளம் மீண்டமை

பலன் உடனே கிட்டவில்லை. நான்காண்டுகள் கழித்து 1999 இல் எடுத்த கணக்கெடுப்பில், மீன்பிடி நடைபெறும் பிற இடங்களுக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தொழிலை விட்டவர்கள் அப்போது மனம் மாறியிருந்தாலும் வியப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் மாறவில்லை. 2009 இல், எக்டேருக்கு 0.75 டன்னாக இருந்த மீன் நிறை 4.24 டன்னாக உயர்ந்திருந்தது. இது 463 விழுக்காட்டு வளர்ச்சியாகும். களவா, சுறா போன்ற பெரிய மீன்கள் திரும்பின. இதே காலத்தில் வளைகுடாவின் பிற கடற்பூங்காக்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எனவே சட்டம் மட்டும் இதற்குக் காரணமன்று. 2011 இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, ஊராரின் ஒற்றுமையையும் கண்காணிப்பையும் முதன்மைக் காரணங்களாகக் குறிப்பிடுகிறது.

அச்சுறுத்தல்கள்

மீன்வளம் பெருகப் பெருகப் பயணிகளும் பெருகினர்; பெருநிறுவனங்களின் பார்வையும் இப்பக்கம் திரும்பியது. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ முழுவதும் கடலே என்பதால், கரையில் எழும் கட்டடங்களைத் தடுக்க அது போதாது. பூங்காவுக்கு வடக்கே ஏறத்தாழ 30,000 அறைகள், குழிப்பந்தாட்டத் திடல்கள், படகுத்துறை ஆகியவற்றுடன் திட்டமிடப்பட்ட காபோ கோர்ட்டெசு விடுதி நகரம், பாலைநிலத்தின் அரிய நன்னீரை உறிஞ்சிவிடும் என்றும் அதன் கழிவுகள் பவளப்பாறைகளை அழிக்கும் என்றும் ஊரார் எதிர்த்தனர். எதிர்ப்பு நாடு கடந்தும் பரவியது. 2012 சூனில் குடியரசுத் தலைவர் பெலிப்பே கால்டெரோன் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அதே கரையில் காபோ டொராடோ என்னும் பெயரில் மற்றொரு பெருந்திட்டம் முன்வைக்கப்பட்டு, 2014 இல் அதுவும் திரும்பப் பெறப்பட்டது.