ஒரே கம்பியில் பேச்சும் மோடமும்

ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்குத் தொலைபேசி மணியின்பால் ஒரு தனி உணர்ச்சி உண்டு. அகாலத்தில் அது ஒலித்தால் நெஞ்சு திடுக்கிடும்; ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஒலியாதிருந்தாலும் நிலைகொள்ளாது. கைப்பேசி எல்லார் கைக்கும் வந்து சேராத காலத்தில், பெங்களூரில் வேலை பார்த்த நம்மவர் பலர் ஊரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது தங்கள் அலுவலகத்தின் எண்ணைத்தான். ஊரில் பிறப்போ இறப்போ, எதுவாயினும் அந்த ஒரு கம்பியின் வழியாகவே வந்து சேர வேண்டும். அந்தக் கம்பியில் கணிப்பொறியும் பங்கு கேட்டு வந்தபோது நேர்ந்த பூசலையும், அதன் காரணத்தையும், அது தீர்ந்த வகையையும் இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம்.

நாங்கள் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் 2004-ஆம் ஆண்டில் ஒரே இணைப்புதான் இருந்தது. அதன் கம்பி சுவரோரமாக வந்து மூன்றாகப் பிரியும். ஒரு கிளை அதிகாரியின் அறைக்கு. ஒரு கிளை எழுத்தர் மேசைக்கு. மூன்றாவது, கணிப்பொறியின் பக்கத்தில் இருந்த மோடத்துக்கு. ஒரு மாத இறுதியில் பிற்பகல் 2 மணிக்கு அறிக்கை ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினோம். பாதி போயிருக்கும், உள்ளறையில் யாரேனும் ரிசீவரை எடுப்பார்கள், இணைப்பு அறுந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவோம். இவ்வாறு நான்கைந்து முறை நிகழ்ந்து மணி 4 ஆயிற்று. அந்த 2 மணி நேரமும், கோவில்பட்டியை அடுத்த ஒரு சிற்றூரில், எங்களுடன் பணிபுரிந்த நண்பரின் தம்பி எஸ்.டி.டி. பூத்தில் நின்று எங்கள் எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது எங்கேஜ்டு ஒலிதான். தகப்பனார் காலமான செய்தியைச் சொல்லவே அவர் முயன்றார் என்பது நாலேகாலுக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாலை வண்டியைப் பிடிக்க நேரமில்லை. நண்பர் இரவுப் பேருந்தில் புறப்பட்டு, மறுநாள் நண்பகலில் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. இரண்டு மணிக்கே தெரிந்திருந்தால் போயிருக்கலாம் என்று அவர் ஒரேயொரு முறை சொன்னார். அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

மோடம் ஏன் கம்பி முழுவதையும் தனக்கே எடுத்துக்கொண்டது? ஓரத்தில் ஒதுங்கி இருந்துகொண்டு பேச்சுக்கும் இடம் விட்டிருக்கக் கூடாதா? இக்கேள்வி அன்றே எங்களுக்கு எழுந்தது. விடை தெரிய வேண்டுமாயின், தொலைபேசி எதற்காகச் சமைக்கப்பட்டது என்பதை முதலில் நினைவில் கொள்ளல் வேண்டும்.

நம் செவி விநாடிக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை உணர வல்லது. ஆனால் ஒருவர் பேசுவதை மற்றவர் விளங்கிக்கொள்ள அவ்வளவும் தேவையில்லை. ஆகவே தொலைபேசியை அமைத்தோர் 300 அதிர்வுக்கும் 3,400 அதிர்வுக்கும் இடைப்பட்ட ஒலியை மட்டும் எடுத்துச் சென்றால் போதும் என்று சிக்கனமாக வகுத்துவிட்டனர். தொலைபேசியில் பெயர் சொல்லும்போது ‘ஸ’வும் ‘ஃப’வும் மயங்குவது இந்தச் சிக்கனத்தினால்தான், அவ்வொலிகளுக்கு உயிரான பகுதி அந்த வரம்புக்கு மேலே நின்றுவிடுகிறது. இந்த ஒடுக்கமான சந்துதான் தொலைபேசியின் முழு வீதி.

கணிப்பொறியோ பேசத் தெரியாதது. அதற்குத் தெரிந்தவை ஒன்று, பூச்சியம் என்னும் இரண்டே குறிகள். அக்குறிகளைக் குரல் போன்ற ஓசையாக மாற்றி அனுப்புவதும், எதிர்முனையிலிருந்து வரும் ஓசையைத் திரும்பக் குறிகளாக்குவதும் மோடத்தின் தொழில். முதற்செயலைப் பண்பேற்றம் என்றும், இரண்டாவதைப் பண்பிறக்கம் என்றும் நம் பாடநூல்கள் கூறும். ஆங்கிலத்தில் அவ்விரண்டு சொற்களின் தலையெழுத்துகளைச் சேர்த்து ஒட்டியே ‘மோடம்’ என்று பெயரிட்டனர். மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்ட எங்களுக்கு இந்தக் கருவியிடம் ஓர் அனுதாபம் உண்டு. இரு தரப்பாருக்கும் இடையே உட்கார்ந்து ஒருவர் சொல்வதை மற்றவர் மொழியில் சொல்வதுதானே அதுவும் செய்கிறது. தொடர்பு ஏற்படும்போது எழும் கீச்சொலியும் சீற்றமும், இரு மோடங்கள் தமக்குள் எந்த வேகத்தில் பேசலாம் என்று பேரம் பேசிக்கொள்ளும் ஓசையேயாகும்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. மோடம் தன் செய்தியைக் குரலாக மாற்றிவிட்டதால், அதற்கும் மனிதக் குரலுக்கும் வழி ஒன்றாகிவிட்டது. அந்தச் சந்து முழுவதையும் நிரப்பினாலும் விநாடிக்கு 33,600 குறிகளை அனுப்புவதே பெரும்பாடு. ஒரு மெகாபைட் அளவுள்ள கோப்பு போய்ச் சேர 4 நிமிடங்களுக்கு மேல் ஆகும். எங்கள் அறிக்கை 5 மெகாபைட்டை எட்டியது. இருபது நிமிடத்துக்கு மேல் கம்பியை யாரும் தொடலாகாது. ஓரத்தில் ஒதுங்கிப் பேச்சுக்கு இடம் விட அங்கே ஓரமே இல்லை.

ரிசீவரை எடுத்தவுடன் இணைப்பு அறுந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. தொலைபேசி நிலையத்திலிருந்து இரட்டைக் கம்பியில் 48 வோல்ட் மின்னழுத்தம் எந்நேரமும் காத்திருக்கிறது. நாம் ரிசீவரை எடுத்தால் சுற்று மூடி மின்னோட்டம் பாய்கிறது. அதைக் கண்டே நிலையம், இந்த இணைப்பு உபயோகத்தில் உள்ளது என்று அறிகிறது. மோடமும் அவ்வாறே சுற்றை மூடுகிறது. வெளியிலிருந்து அழைப்பவருக்கு எங்கேஜ்டு ஒலி கேட்பது இதனால்தான். உள்ளே இருப்பவர் மனிதரா, பொறியா என்று நிலையம் பார்ப்பதில்லை. இணைகிளையில் இருக்கும் இன்னொரு ரிசீவரையும் எடுத்தால் மின்னோட்டம் பங்கு போகிறது, ஓசை மெலிகிறது, அறையின் இரைச்சலும் உள்ளே புகுகிறது. பண்பேற்றிய ஓசையை மோடம் அடையாளம் காண முடியாமல் கைவிட்டுவிடுகிறது. ‘கால் வெயிட்டிங்’ வசதி பெற்றவர்களுக்கு வேறொரு தொல்லை. இரண்டாவது அழைப்பு வந்ததை அறிவிக்கும் அந்தச் சிறு ‘பீப்’ ஒலியே இணைப்பை அறுக்கப் போதுமானது. ஆதலால் மோடத்தை இயக்குமுன் அந்த வசதியை நிறுத்திவைக்கும்படி சொல்வார்கள்.

இந்தப் பூசலுக்கு மத்தியஸ்தம் செய்யவென்று ஒரு சிறு பெட்டியும் கடைகளில் விற்றது. அழைப்பு வந்ததும் அது தானே எடுத்துச் சில விநாடிகள் செவிசாய்க்கும். அழைப்பது ஃபாக்ஸ் இயந்திரமானால், விநாடிக்கு 1,100 அதிர்வுள்ள ஒலி அரை விநாடி நேரம் ஒலித்து, 3 விநாடி ஓய்ந்து, மறுபடி ஒலிக்கும். அழைப்பது மோடமானால் 1,300 அதிர்வுள்ள ஒலி கேட்கலாம். எதுவும் கேளாவிட்டால் மனிதர் என்று முடிவு செய்து, பெட்டி தொலைபேசியின் மணியை அடிக்கும். கெட்டிக்கார ஏற்பாடு என்று தோன்றும். எங்களுக்கு அதில் சம்மதம் ஏற்படவில்லை. பெட்டி எடுத்த கணத்திலேயே நிலையத்தின் கணக்கில் அழைப்பு நிறைவேறிவிட்டது. பேச ஆள் வருமுன்னரே, ஊரில் எஸ்.டி.டி. பூத்தில் நிற்பவரின் மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். எடுக்க ஆளில்லாமற் போனாலும் காசு போனது போனதுதான். மேலும், நம்முடைய மோடம் வெளியே பேசிக்கொண்டிருக்கும்போது இப்பெட்டியால் ஒரு பயனும் இல்லை. எங்களுக்கு நேர்ந்த துன்பம் அதுவல்லவா?

அச்சம்பவத்துக்குப் பின் நாங்கள் செய்தவை எளியவை. அருகிலிருந்த எலக்ட்ரீஷியனை அழைத்து, மூன்று கிளைகளையும் நீக்கி, ஒரு மாற்றுச் சுவிட்சைப் பொருத்தினோம். சுவிட்சு ஒரு பக்கம் இருந்தால் மோடம், மறுபக்கம் இருந்தால் தொலைபேசி. இரண்டும் ஒருங்கே கம்பியைத் தொட இயலாது. மோடத்துக்குக் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் நேரம் ஒதுக்கினோம். கடிதங்களை இணைப்பில் இல்லாதபோதே எழுதி வைத்து, கோப்புகளைச் சுருக்கி, மொத்தமாக அனுப்பினோம். பகலில் அவசரமாக அனுப்ப நேர்ந்தால், கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி, சுவிட்சைத் திருப்பி, சில நிமிடங்கள் மணிக்காகக் காத்திருப்போம். இரண்டாவது இணைப்புக்கும் எழுதினோம். அந்தக் கோப்பு எந்தெந்த மேசைகளில் தங்கி இளைப்பாறியது என்பதைச் சொல்லப்போனால் இக்கட்டுரை இடம் கொள்ளாது.

இத்தனையும் நடந்தது பெங்களூரில் என்பதில் ஒரு விந்தை உண்டு. நம் நாட்டின் தொலைபேசிக் கருவிகளைச் செய்த இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை 1948-இல் நிறுவப்பட்டது இந்நகரின் கிழக்கே, கிருஷ்ணராஜபுரத்தை ஒட்டி. தமிழர் பலரும் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கின்றனர். தொழிற்சாலையைச் சூழ்ந்த குடியிருப்புக்குத் தூரவாணி நகர் என்று பெயர். கன்னடத்தில் தொலைபேசிக்கு ‘தூரவாணி’ என்பதே பெயர். நாம் தொலைவிலிருந்து பேசுவதை நினைத்துப் பெயர் வைத்தோம். அவர்களோ தொலைவிலிருந்து வரும் வாக்கை நினைத்து வைத்தார்கள். செய்திக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கன்னடப் பெயரே மனத்துக்கு நெருங்கியது என்று நாங்கள் சில சமயம் எண்ணியதுண்டு.

1984-இல் தொடங்கப்பெற்ற சி-டாட் என்னும் ஆய்வு நிறுவனம் 128 இணைப்புகள் கொண்ட சிறு மின்னணுத் தொலைபேசி நிலையம் ஒன்றை உருவாக்கி, 1986-இல் வட கர்நாடகத்துக் கித்தூரில் நிறுவியது. இத்தகைய நிலையங்கள் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 குறிகளாக எழுதி, விநாடிக்கு 64,000 குறிகளாக அனுப்புகின்றன. அதாவது, கணிப்பொறியின் குறிகளை மோடம் குரலாக்கித் தர, நிலையம் அந்தக் குரலை மறுபடி குறிகளாக்கியது! இடையில் அந்த வேடம் எதற்கு என்று கேட்கத் தோன்றுமல்லவா? அக்கேள்வியிலிருந்தே பின்னர் வந்த வழிகள் பிறந்தன. ஐ.எஸ்.டி.என். என்ற முறை, வீட்டுக் கம்பியிலேயே 64,000 குறிகள் வீதம் செல்லும் இரண்டு தடங்களை அமைத்தது. ஒன்றில் பேசலாம், மற்றொன்றில் கணிப்பொறி இயங்கலாம். நல்ல முறைதான், ஆனால் சிறு அலுவலகங்களுக்கு அதன் செலவு எட்டவில்லை.

பூசலை உண்மையில் தீர்த்தது 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தொடங்கிய அகலக்கற்றைச் சேவை. கம்பி அதே செம்புக் கம்பிதான். பேச்சு 4,000 அதிர்வுக்குக் கீழே முடிந்துவிடுகிறது. ஆனால் செம்பு அதற்கு மேலும் பல இலட்சம் அதிர்வுகளைச் சில கிலோமீட்டர் தூரம் சுமக்க வல்லது. அத்தனை காலமும் அந்த மேல்மாடி காலியாகவே கிடந்தது. ஏ.டி.எஸ்.எல். என்னும் இம்முறை, தன் குறிகளை ஏறக்குறைய 25,000 அதிர்வுக்கு மேலே, 11 இலட்சம் வரையில் குடியேற்றியது. கீழ்த்தளம் பேச்சுக்கு, மேல்தளம் கணிப்பொறிக்கு. சுவரில் பொருத்திய ‘ஸ்பிளிட்டர்’ என்னும் சிறு பெட்டி இரண்டையும் பிரித்து அனுப்பியது. அதைப் பொருத்தாமல் தொலைபேசியை நேரே கம்பியில் இணைத்துவிட்டு, ரிசீவரில் இரைச்சல் கேட்கிறது, எடுத்தால் இணையம் அறுகிறது என்று புகார் செய்தோர் பலர். எங்கள் அலுவலகத்துக்கு அது வந்த அன்று, மோடம் விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும்போதே மேசைத் தொலைபேசி மணி அடித்தது. பழைய நண்பர்தான் எழுந்து போய் எடுத்தார். ஏதோ தவறான எண். எடுத்தவர் நெடுநேரம் ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றார்.

இப்பொழுது பெங்களூரின் அலுவலகங்களில் செம்புக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வந்து சேர்ந்திருக்கிறது. அதில் குரலும் கணிப்பொறிக் குறிகளாகவே பயணம் செய்கிறது. யார் யாருக்கு வழிவிடுவது என்ற வழக்கே எழுவதில்லை. ஆயினும் செம்பு ஓர் உபகாரம் செய்துவந்தது. தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தை நிலையத்தின் பேட்டரியிலிருந்து அந்தக் கம்பியே கொண்டுவந்து கொடுத்தது. ஊரெல்லாம் இருண்டாலும் மணி அடிக்கும். இழை மின்சாரத்தைச் சுமப்பதில்லை. மழை பெய்து மின்சாரம் நின்றால், சுவரில் உள்ள இழைப் பெட்டியும் நிற்கும், அதனுடன் தொலைபேசியும் நிற்கும். அலுவலகத்திலோ, முதியோர் தனித்திருக்கும் வீட்டிலோ இழை இணைப்பு வைத்திருக்கும் நேயர்கள், கணிப்பொறிக்கு வைத்துள்ள யு.பி.எஸ். கருவியில் அந்தச் சிறு பெட்டியையும் சேர்த்து இணைத்துவிடலாம். அது இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். கணிப்பொறியை அணைத்துவிட்டால் சில மணி நேரத்துக்காவது தாங்கும்.