பாலியல் வன்முறையும் பசியும்: ஒரு சமூகவியல் நோக்கு

பசி வெறும் உடலியல் நிகழ்வு என்பது பொதுவான எண்ணம். ஆயின் மனிதரது பசி சமூக உறவுகளுக்குள்ளேயே இயங்குகின்றது. பாலியல் வன்முறைக்கு ஆளானோரின் உணவிலும் உடல் நிறையிலும் ஏற்படும் மாற்றங்கள் இதனைத் துலக்கமாகக் காட்டுவன.

1980களில் ஐக்கிய அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ற் ஃபெலிற்றி என்ற மருத்துவர் உடற்பருமன் சிகிச்சை நிலையமொன்றை நடத்திவந்தார். வெற்றிகரமாக நிறை குறைந்தோர் பலர் சிகிச்சையை இடைநடுவிற் கைவிட்டமை அவருக்குப் புதிராயிற்று. அவர்களை வினவியபோது, பலர் சிறுபராயத்திற் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானோர் என்பது தெரியவந்தது. மருத்துவர் நோயெனக் கண்டதை அவர்கள் காப்பெனக் கொண்டிருந்தனர். நிறை குறையுந்தோறும் பிறரது இச்சை மீண்டும் தம்மை நாடுமென்ற அச்சம் வளர்ந்தது. இவ்வனுபவத்தின் வழிவந்த விரிவான ஆய்வு 1998இல் வெளியாயிற்று. சிறுபராயத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களுக்கு ஆளானோரிடையே கடும் உடற்பருமன் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தமையை அது எடுத்துக்காட்டியது. பாலியல் துன்புறுத்தல் அவ்வகைகளுள் ஒன்று.

இலக்கியம் இதனை உள்ளிருந்து கூறுகின்றது. றொக்சேன் கே என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளரின் ‘ஹங்கர்’ என்ற தன்வரலாற்று நூல் 2017இல் வெளிவந்தது. 12 வயதிற் கூட்டு வல்லுறவுக்கு ஆளான அவர், தம் உடலை அரணாக்கவே உண்டார். ஒரு கட்டத்தில் அவரது நிறை 577 இறாத்தலை, அதாவது ஏறத்தாழ 262 கிலோகிராமை, எட்டியது.

எல்லோரிடத்தும் விளைவு ஒருதன்மைத்தன்று. சிலருக்கு உணவே அருவருப்பாகின்றது. உடல்மீது தாம் இழந்த அதிகாரத்தை உண்ணாமையால் மீட்க முயல்வோர் உளர். அளவிறந்து உண்டு, பின் வாந்தியெடுப்போரும் உளர். உடற்றொழிலியலும் இம்முரண்பாட்டை விளக்குகின்றது. அபாய வேளையிற் சுரக்கும் அதிரினலின் பசியை அடக்கும். நெருக்கீடு நீடிக்கையிற் கோட்டிசோல் என்னும் ஓமோன் இனிப்பும் கொழுப்பும் மிக்க உணவின்பால் நாட்டத்தைத் தூண்டும். உறக்கக் குலைவு இந்நாட்டத்தை மேலும் வளர்க்கும்.

முதலாளித்துவச் சந்தையோ இருமுறை இலாபமீட்டுகின்றது: மலிவான இனிப்புணவை ஒரு கையாலும், மெலிவதற்கான பண்டங்களை மறு கையாலும் விற்கின்றது. இடையில் ‘மனவுறுதியற்றவர்’ என்ற பழி பாதிக்கப்பட்டவர் மீதே விழுகின்றது. குற்றம் இழைத்தோரும், அதனை மறைத்த குடும்பமும் சமூகமும் அப்பழியினின்றும் தப்பிவிடுகின்றனர்.

பருமனான உடல் ஒவ்வொன்றும் வன்முறையின் சான்றெனக் கொள்வது தவறாகும். ஆயினும், நிறையை அளக்கும் மருத்துவம் அதன் பின்னுள்ள வரலாற்றையும் பரிவுடன் கேட்டறிதல் வேண்டும். வேறு பாதுகாப்பை உறுதிசெய்யாது, உள்ள காப்பை மட்டும் களையும் சிகிச்சை நிலைக்காது என்பதே சான் டியாகோ அனுபவம் தரும் பாடமாகும்.